அப்டேட் முடிந்தது, டயக்னாஸ்டிக்ஸ் தோற்றது: லேப்டாப்பில் எங்கிருந்து தேடுவது?

இரவு அப்டேட்டை ஓடவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். காலையில் திறந்தால் லேப்டாப் தள்ளாடுகிறது. என்ன ஏதென்று பார்க்க, வாங்கும்போதே கூட வந்த டயக்னாஸ்டிக்ஸ் மென்பொருளை ஓடவிடுகிறீர்கள். அது பாதியில் நின்று சிவப்பில் ஒரு பெருக்கல் குறியைக் காட்டுகிறது. ‘டிஸ்க் போச்சு’ என்று மனசு அந்த நொடியே தீர்ப்பு எழுதிவிடும்.

தீர்ப்பைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். ‘சோதனை தோற்றது’ என்ற ஒரே வரி இரண்டு வேறு செய்திகளைச் சொல்லலாம். பாகத்தைச் சோதித்து, அது பழுது என்று கண்டுபிடித்திருக்கலாம். அல்லது பாகத்தை எட்டிப் பார்க்கவே முடியாமல் சோதனை மென்பொருளே தடுமாறி விழுந்திருக்கலாம். தெர்மாமீட்டர் உடைந்தால் அதைக் காய்ச்சல் என்று யாரும் சொல்வதில்லை. லேப்டாப் விஷயத்தில் மட்டும் சொல்லிவிடுகிறோம். அப்டேட்டுக்கு மறுநாள் வரும் தோல்விகளில், நான் பார்த்தவரை, இரண்டாவது வகைதான் அதிகம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான்.

பெரும்பாலும் விண்டோஸ் 11-ஐ வைத்தே சொல்கிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்து, அதிலிருந்து 11-க்கு மாறியவர்களுக்கும் இது பொருந்தும். மேக், லினக்ஸ் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

முதல் அரை மணி நேரம்

திரையை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சோதனை, எந்த நிமிடத்தில், என்ன எண்ணோடு தோற்றது என்பது பிறகு எல்லா இடத்திலும் கேட்கப்படும். மூடிவிட்டால் அந்த எண் திரும்பக் கிடைக்காமலும் போகலாம்.

அப்புறம் அதில் உள்ள வார்த்தையைக் கவனித்துப் படியுங்கள். ‘ஃபெயில்டு’ என்று தெளிவாகச் சொல்லி, கூடவே ஒரு பிழை எண்ணும் இருந்தால் அது முதல் வகையாக இருக்க வாய்ப்பு உண்டு. ‘சோதனையை இயக்க முடியவில்லை’, ‘ஆதரிக்கப்படவில்லை’, ‘நேரம் கடந்துவிட்டது’, ‘சாதனம் காணப்படவில்லை’ என்ற பொருளில் ஏதாவது வந்தால், சோதனை இன்னும் நடக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு நிறம் இரண்டுக்கும் ஒன்றுதான். அதுதான் குழப்பத்தின் வேர்.

இப்போது சார்ஜரைச் செருகி, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மீண்டும் பவர் பட்டனை அழுத்துவது வேறு, ரீஸ்டார்ட் வேறு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும், பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்களான டிரைவர்களும் இருந்த நிலை டிஸ்கில் ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும். அடுத்த முறை அதையே எடுத்து விரித்துக்கொண்டு கணினி எழும்பும். அதாவது, தடுமாறிக்கொண்டிருந்த டிரைவர் அதே தடுமாற்றத்தோடு திரும்ப வரும். ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். ‘நாலு முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன்’ என்று சொன்ன ஒருவருக்கு ஒரே ஒரு ரீஸ்டார்ட்டில் சரியானதை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

ரீஸ்டார்ட் ஆன பிறகும் உடனே சோதனைக்குப் போகாதீர்கள். பெரிய அப்டேட்டுக்குப் பின் கோப்புகளை அட்டவணைப்படுத்துவது, வைரஸ் சோதனை, மீதமிருக்கும் டிரைவர்களை இறக்குவது என்று பின்னணியில் வேலை ஓடிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். அது அடங்கும் வரை காத்திருங்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய், இன்னொரு ரீஸ்டார்ட் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாதி முடிந்த அப்டேட்டின் மேல் நடத்தும் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

பேக்கப், அப்புறம் பிட்லாக்கர் சாவி

தோற்றது டிஸ்க் சோதனை என்றால், மற்ற படிகளுக்கு முன் உங்கள் கோப்புகளை வெளி டிஸ்கிலோ கிளவுடிலோ நகலெடுத்துவிடுங்கள். அது பொய்யான எச்சரிக்கையாக இருந்தால் ஒரு மணி நேரம் வீண், அவ்வளவுதான். உண்மையாக இருந்தால், நாம் செய்யும் ஒவ்வொரு சோதனையும் அந்த டிஸ்கின் மிச்ச ஆயுளைத் தின்னும்.

இன்னொரு முன்னெச்சரிக்கையைப் புதியவர்கள் பலர் தவறவிடுகிறார்கள். இன்றைய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதியால் பூட்டப்பட்டே இருக்கிறது. நாமாக எதையும் இயக்கியிருக்க வேண்டியதில்லை. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும்பும் அடிப்படை மென்பொருளில்) எதையாவது மாற்றினாலோ, பயாஸ் அப்டேட் ஆனாலோ, அடுத்த முறை கணினி எழும்பும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது பெரும்பாலும் நீங்கள் உள்நுழைந்திருக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஃபோனிலிருந்து அந்தக் கணக்கைத் திறந்து, சாவி உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் சாவி அலுவலகத்தின் கணினிப் பிரிவிடம் இருக்கும். அவர்களிடம் கேட்காமல் பயாஸ் பக்கம் போகாதீர்கள்.

விண்டோஸுக்கு வெளியே ஒரு சோதனை

ஒரே ஒரு படிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பெரிய நிறுவனங்களின் லேப்டாப்களில் சோதனை மென்பொருள் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று விண்டோஸுக்குள் ஓடும் செயலி. மற்றொன்று, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே ஓடக்கூடியது. இந்த இரண்டாவது சோதனைக்கு விண்டோஸோ அதன் டிரைவர்களோ நேற்று வந்த அப்டேட்டோ தேவையில்லை. வன்பொருளோடு நேராகப் பேசும். இதில் ஒரு பாகம் தேர்ச்சி பெற்று, விண்டோஸுக்குள் மட்டும் தோற்றால், பழி ஏறக்குறைய மென்பொருள் மேல்தான்.

உள்ளே போகும் வழி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டெல் லேப்டாப்பில் பவரை அழுத்தியதும் எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் டயக்னாஸ்டிக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். எச்பி-யில் எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருந்து, பட்டியல் வந்ததும் எஃப்2. லெனோவோவின் திங்க்பேட் மாடல்கள் பலவற்றில் எஃப்10, அல்லது எஃப்12 பட்டியலுக்குள் உள்ள செயலிகள் பகுதி. மற்ற நிறுவனங்களுக்கு மாடல் எண்ணைப் போட்டு அவர்களின் ஆதரவுப் பக்கத்தில் தேடுங்கள். லேப்டாப்பிலேயே இது இல்லாவிட்டாலும், யூஎஸ்பி டிரைவில் ஏற்றி ஓடவிடும் பதிப்பைச் சில நிறுவனங்கள் இலவசமாகத் தருகின்றன.

விரைவுச் சோதனை சில நிமிடத்தில் முடியும். அதில் எல்லாம் பச்சையாக வந்துவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள். சந்தேகம் உள்ள பாகத்துக்கு மட்டும் நீண்ட சோதனையைத் தனியாக ஓடவிடுங்கள். நினைவகத்துக்கும் டிஸ்குக்கும் இது மணிக்கணக்கில் ஓடலாம். சார்ஜர் செருகியே இருக்கட்டும்; மடியிலோ படுக்கையிலோ வைக்காமல் மேசை மேல் வையுங்கள். காற்றுத் துளை அடைபட்டு வெப்பம் ஏறினால் ஃபேன் சோதனையே பொய்யாகத் தோற்கலாம்.

யூஎஸ்பி டிரைவைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. போன வருடம் அழகாக எழும்பிய சோதனை யூஎஸ்பி, அப்டேட்டுக்குப் பிறகு எழும்ப மறுக்கலாம். 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டில் பழைய, ஓட்டையுள்ள பூட் லோடர்களை (கணினியை எழுப்பும் சிறு மென்பொருள்களை) தடுக்கும் ஏற்பாடு சேர்ந்தது. அதன் விளைவாக விண்டோஸோடு லினக்ஸும் வைத்திருந்த பலரின் லினக்ஸ் ‘பாதுகாப்புக் கொள்கை மீறல்’ என்று சொல்லி நின்றுபோனது. பழைய லினக்ஸ் யூஎஸ்பிகளுக்கும் அதே கதி. உங்கள் யூஎஸ்பி எழும்பாவிட்டால், அதில் உள்ள மென்பொருளின் புதிய பதிப்பை மீண்டும் ஏற்றிப் பாருங்கள். அதற்குள் யூஎஸ்பி துளையைச் சந்தேகிக்க வேண்டாம்.

வெளியே தேர்ச்சி, உள்ளே தோல்வி என்றால்

இப்போது பாகத்தை மறந்துவிடுங்கள். சோதனைச் செயலி ஏன் விழுகிறது என்பதே கேள்வி.

டிஸ்கின் உள்விவரம், பேட்டரி சிப், ஃபேனின் வேகம், வெப்ப அளவு போன்றவற்றைச் சாதாரணச் செயலியால் நேராகப் படிக்க முடியாது. அதனால் பல சோதனைச் செயலிகள் தங்களுக்கென்று ஒரு சிறிய டிரைவரை விண்டோஸின் அடித்தளத்தில் நிறுவிக்கொள்ளும். வன்பொருளை நேராகத் தொடும் இதே உரிமைதான் வைரஸ் எழுதுபவர்களுக்கும் வேண்டும். ஓட்டையுள்ள பழைய டிரைவர் ஒன்றைக் கூட்டிவந்து அதன் வழியாக உள்ளே நுழைவது அவர்களின் பழக்கமான வித்தை. அதைத் தடுக்க, ஆபத்தான டிரைவர்களின் தடைப்பட்டியல் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. விண்டோஸ் 11-இன் 2022 அப்டேட்டிலிருந்து அது இயல்பாகவே செயல்படுகிறது. பெரிய பதிப்புகளோடு சேர்ந்து ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை புதுப்பிக்கப்படுகிறது. நேற்று வரை ஓடிய டிரைவர் இன்று அந்தப் பட்டியலில் சேர்ந்திருந்தால் சோதனைச் செயலிக்குக் கண் தெரியாது. கண் தெரியாத செயலி ‘டிஸ்க் இல்லை’ என்றோ ‘தோல்வி’ என்றோ சொல்லிவிடும்.

இதைச் சரிபார்க்க விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டிவைஸ் செக்யூரிட்டிக்குள் கோர் ஐசொலேஷன் விவரங்களுக்குப் போங்கள். நம்பத்தகாத டிரைவர்கள் கெர்னலுக்குள் நுழையாமல் காக்கும் மெமரி இன்டெக்ரிட்டி என்ற வசதியின் பொத்தான் இருக்கும். பொருந்தாத டிரைவர்கள் இருந்தால் அவற்றின் பெயர்களையும் அங்கே காட்டும். ‘இந்தச் சாதனத்தில் ஒரு டிரைவரை ஏற்ற முடியவில்லை’ என்ற பொருளில் திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்திருந்தால் அதுவும் இதே கதைதான்.

மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்துவிட்டால் சோதனை ஓடிவிடும் என்று பலர் சொல்வார்கள். ஓடலாம்தான். ஆனால் வீட்டுச் சாவி திரும்பவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பது போன்ற வேலை அது. முதலில் சோதனைச் செயலியை முழுமையாக நீக்குங்கள். ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு உங்கள் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து, உங்கள் மாடலுக்கான புதிய பதிப்பை இறக்கி நிறுவுங்கள். பழைய பதிப்பின் மேலேயே புதியதை நிறுவினால் பழைய டிரைவர் பின்னால் தங்கிவிடக்கூடும் என்பதால்தான் நீக்கச் சொல்கிறேன். வேறு நிறுவனத்தின் வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் அதையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கிப் பாருங்கள். நடைமுறையில் பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளைப் பின்பற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஸ்கின் நலத்தை அறிய டபிள்யூஎம்ஐசி என்று தொடங்கும் கட்டளையைத் தட்டச் சொல்லும் பக்கங்கள் ஏராளம். அந்தக் கருவியை மைக்ரோசாஃப்ட் கைவிட்டு ஆண்டுகள் ஆகின்றன. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அது இயல்பாகச் செயல்படுவதில்லை. 25எச்2-க்கு மாறும்போது நீக்கப்பட்டும் விடுகிறது. எனவே ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று வந்தால் உங்கள் விண்டோஸ் கெட்டுப்போகவில்லை, குறிப்புக்குத்தான் வயதாகிவிட்டது. உங்களுடையது என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டி என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், அதற்குள் டிஸ்குகளும் வால்யூம்களும் உள்ள பக்கத்தில் டிஸ்கின் பண்புகளைத் திறந்தாலே மீதமிருக்கும் ஆயுள் மதிப்பீடும் வெப்பநிலையும் தெரியும்.

டிரைவர்களைப் பார்ப்பது

ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணம் எங்காவது தெரிகிறதா? அதை இரட்டைக் கிளிக் செய்தால் ஓர் எண் இருக்கும். 28 என்றால் டிரைவரே நிறுவப்படவில்லை. 39 என்றால் டிரைவரை ஏற்ற முடியவில்லை. அது சிதைந்திருக்கலாம், காணாமல் போயிருக்கலாம், மேலே சொன்ன பாதுகாப்பு வசதி தடுத்திருக்கலாம். 10 என்றால் சாதனம் தொடங்கவில்லை. 43 என்றால் சாதனமே ‘எனக்குச் சரியில்லை’ என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. இந்த எண்ணுக்கு மட்டும் வன்பொருள் பழுதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்டேட் புதிய டிரைவரைக் கொண்டுவந்து சிக்கலாகியிருந்தால், அதே சாளரத்தில் டிரைவர் தாவலில் ரோல் பேக் பொத்தான் இருக்கும். அது மங்கலாக இருந்தால் முந்தைய பதிப்பு சேமிக்கப்படவில்லை என்று பொருள். அப்போது லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைக் கொடுத்து உங்களுக்கான டிரைவரை இறக்குங்கள். டிரைவர்களைத் தானாகத் தேடி நிறுவித் தருவதாகச் சொல்லும் இலவசச் செயலிகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒரு சிக்கலோடு வந்தவரை மூன்று சிக்கலோடு அனுப்பி வைப்பவை அவை.

அப்டேட்டோடு பயாஸும் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம். இப்போது பல லேப்டாப்களுக்கு அது விண்டோஸ் அப்டேட் வழியாகவே வருகிறது. அதில் அமைப்புகள் இயல்புநிலைக்குத் திரும்பி, டிஸ்க் கட்டுப்படுத்தியின் முறை ஏஎச்சிஐ-யிலிருந்து ரெய்டுக்கோ, அதற்கு நேர்மாறாகவோ மாறியிருந்தால் விண்டோஸுக்கு டிஸ்க் கண்ணில் படாது. நீலத் திரைதான் வரும். பயாஸுக்குள் டிஸ்கின் பெயர் தெரிந்தும் விண்டோஸ் எழும்பவில்லை என்றால் இந்த இடத்தைச் சந்தேகிக்கலாம். முன்பு எந்த முறையில் இருந்தது என்று தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள்.

விண்டோஸின் சொந்தக் கோப்புகள்

டிரைவர்கள் ஒழுங்காக இருந்தும் சோதனைகள் விழுந்தால், அப்டேட்டின்போது விண்டோஸின் கோப்புகளே சிதைந்திருக்கலாம். ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து டெர்மினலை அட்மினாகத் திறங்கள். விசைப்பலகை தமிழில் இருந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் கட்டளை: டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த். ஒவ்வொரு சாய்கோட்டுக்கு முன்பும் ஓர் இடைவெளி, பின்னால் இடைவெளி கிடையாது. இது நல்ல கோப்புகளை இணையத்திலிருந்து எடுத்து வரும், எனவே இணைப்பு வேண்டும். ஏதோ ஒரு சதவீதத்தில் உறைந்துவிட்டதுபோல் வெகுநேரம் நிற்கும். மூடிவிடாதீர்கள், டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அது முடிந்ததும் இரண்டாவது கட்டளை: எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ். வரிசையை மாற்ற வேண்டாம். இரண்டாவது கட்டளை உடைந்த கோப்புக்கு மாற்றை ஒரு கிடங்கிலிருந்து எடுக்கிறது. அந்தக் கிடங்கைச் சரிசெய்வதுதான் முதல் கட்டளையின் வேலை. முடிவில் ‘மீறல் எதுவும் இல்லை’ என்றோ, ‘கண்டுபிடித்துச் சரிசெய்தேன்’ என்றோ, ‘கண்டுபிடித்தேன், சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை’ என்றோ வரும். மூன்றாவது வந்தால் ரீஸ்டார்ட் செய்து இரண்டு கட்டளைகளையும் இன்னொரு முறை ஓடவிடுங்கள்.

பொய்யாகத் தோற்கும் சோதனைகள்

இவற்றைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், ஒவ்வொன்றுக்காகவும் யாராவது ஒருவர் பாகத்தை மாற்றியிருக்கிறார் என்பதே.

கேமரா சோதனை தோற்றால், பிரைவசி அமைப்புகளில் கேமரா அனுமதி அணைந்திருக்கிறதா, லென்ஸ் மேல் உள்ள சிறிய மூடி சாத்தியிருக்கிறதா, விசைப்பலகையில் கேமராவை அணைக்கும் விசை அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மைக் சோதனைக்கும் இதே பிரைவசிப் பக்கம்தான். நெட்வொர்க் சோதனைக்கு முன் விபிஎன்-ஐ அணையுங்கள். ஸ்பீக்கர் சோதனைக்கு முன் ப்ளூடூத் ஹெட்ஃபோனைத் துண்டியுங்கள். சத்தம் அதற்குள் போய்க்கொண்டிருக்கும், நாம் இங்கே காத்துக்கொண்டிருப்போம்.

பேட்டரிக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் ‘அப்டேட் போட்டதிலிருந்து சார்ஜ் நிற்கவில்லை’ என்பதுதான் நான் அதிகம் கேட்கும் புகார். டெர்மினலில் பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட் என்று தட்டுங்கள். ஓர் அறிக்கை உருவாகி, அது எங்கே சேமிக்கப்பட்டது என்றும் திரையில் தெரியும். பிரவுசரில் திறந்தால் வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழு சார்ஜ் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 50,000, இரண்டாவது 32,000 என்றால் பேட்டரியில் 64 சதவீதம்தான் மிச்சம். இன்னும் கீழே போனால் கொள்ளளவின் வரலாறு தேதிவாரியாக இருக்கும். அப்டேட் வந்த தேதிக்கு முன்பிருந்தே எண் படிப்படியாகச் சரிந்து வந்திருக்கிறதா, பார்த்துவிடுங்கள். சரிந்திருந்தால் அப்டேட்டை விட்டுவிடலாம், பேட்டரிக்கு வயதாகிவிட்டது. எண் அப்படியே இருந்தும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் பின்னணியில் எதுவோ மின்சாரத்தைக் குடிக்கிறது.

டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, அடிப்பகுதி உப்பியிருந்தாலோ சோதனை எதுவும் வேண்டாம். பேட்டரி வீங்கியிருக்கலாம். சார்ஜரைக் கழற்றி, அணைத்து, நேராகப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

அப்டேட்டைத் திருப்பி அனுப்புவது

இதற்குப் போகும் முன், ரிலையபிலிட்டி என்று ஸ்டார்ட் மெனுவில் தேடி நம்பகத்தன்மை வரலாற்றைத் திறங்கள். எந்த நாளில் எது நிறுவப்பட்டது, எது விழுந்தது என்று நாள்வாரியாகக் காட்டும். சிவப்புக் குறிகள் அப்டேட்டுக்கு முந்தைய வாரத்திலேயே தொடங்கியிருந்தால் அப்டேட்டைத் திருப்பி அனுப்பிப் பயனில்லை.

தெரிந்த சிக்கல்களை மைக்ரோசாஃப்ட் தனது ரிலீஸ் ஹெல்த் பக்கத்தில் பதிப்புவாரியாகப் போடுகிறது. அங்கே ஒரு பார்வை. 2025 அக்டோபர் 14 அன்று வந்த அப்டேட்டுக்குப் பிறகு, விண்டோஸின் மீட்புச் சூழலுக்குள் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போயின. விண்டோஸுக்குள் அவை நன்றாகவே இயங்கின. மீட்புச் சூழலுக்குள் மட்டும் பார்த்தவர் கீபோர்டைத் தூக்கிப் போட்டிருப்பார். ஆறே நாளில், அக்டோபர் 20 அன்று, திருத்த அப்டேட் வந்துவிட்டது. இப்படித் திருத்தம் வந்திருந்தால் பின்னால் போவதைவிட முன்னால் போவது சுலபம்.

திருப்பித்தான் ஆக வேண்டும் என்றால், மாதாந்தர அப்டேட்டுக்கு விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அப்டேட் வரலாறு, அதற்குள் நீக்கும் வசதி. முழுப் பதிப்பே மாறியிருந்தால் சிஸ்டம், ரெக்கவரி, அதற்குள் கோ பேக். இதற்கு 10 நாள்தான் அவகாசம். அதன் பிறகு பழைய விண்டோஸின் கோப்புகள் அழிக்கப்பட்டுவிடும். ‘இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்’ என்று இருப்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் முந்தைய விண்டோஸை அழித்துவிட்டாலும் அந்த வழி அடைந்துபோகும். திருப்பிய பின் அப்டேட்டைச் சில வாரம் நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் அதே விருந்தாளி மறுநாள் வாசலில் நிற்பார்.

மேக், லினக்ஸ்

ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்து, தொடக்க விருப்பங்கள் வந்ததும் கமாண்ட்-டி அழுத்திப் பிடியுங்கள். இன்டெல் மேக்கில் எழும்பும்போதே டி விசை. முடிவு ஒரு குறியீடாக வரும்: ஏடிபி000 என்றால் சிக்கல் எதுவும் இல்லை, பிபிடி எழுத்துகளில் தொடங்கினால் பேட்டரி பற்றியது, அதில் 001 என்றால் பேட்டரி கண்டறியப்படவில்லை.

லினக்ஸில் இன்னும் எளிது. கணினி எழும்பும்போது வரும் கிரப் என்ற தொடக்கப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து எழுப்புங்கள். பழைய கெர்னலில் ஓடும் சாதனம் புதியதில் ஓடவில்லை என்றால் விடை கையில் கிடைத்துவிட்டது.

வெளியேயும் தோற்றால்

விண்டோஸுக்கு வெளியே நடத்திய நீண்ட சோதனையிலும் அதே பாகம், அதே எண்ணோடு தோற்றால் அது வன்பொருள். இங்கே அப்டேட்டின் மேல் கோபம் வருவது இயல்பு. 2025 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் எஸ்எஸ்டிகளைக் கெடுக்கிறது என்று உலகம் முழுக்கப் பேச்சு எழுந்தது. எஸ்எஸ்டி கட்டுப்படுத்திகளைச் செய்யும் ஃபைசன் நிறுவனம் 4,500 மணி நேரத்துக்கும் மேல் சோதித்தும் அந்தச் சிக்கலை மீண்டும் உருவாக்க முடியவில்லை என்றது. மைக்ரோசாஃப்டும் தொடர்பு எதுவும் தெரியவில்லை என்றே சொன்னது. பெரிய அப்டேட் ஒரே நேரத்தில் பல ஜிபி எழுதி, பல முறை ரீஸ்டார்ட்டும் ஆகும். ஏற்கெனவே தளர்ந்திருந்த டிஸ்க் அந்தப் பாரத்தில் உட்கார்ந்துவிடுவது உண்டு.

நினைவகம் தோற்றதாக வந்தால், விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கில் ஒரு முறை உறுதி செய்துகொள்ளலாம். தொடங்கியதும் எஃப்1 அழுத்தி நீட்டித்த சோதனையைத் தேர்ந்தெடுங்கள். முடிவு திரையில் தோன்றாமல் போனால் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுக்குள் மெமரிடயக்னாஸ்டிக்ஸ்-ரிசல்ட்ஸ் என்று தேடுங்கள். கழற்றி மாட்டக்கூடிய ரேம் என்றால், கணினியை அணைத்து, ஒன்றை மட்டும் வைத்துச் சோதித்து, பிறகு மற்றொன்றை வைத்துச் சோதித்தால் எது என்று தெரிந்துவிடும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையோடு ஒட்டியே இருக்கும். அங்கே நாம் செய்ய எதுவும் இல்லை.

சேவை மையத்துக்குப் போகும்போது பிழை எண்ணின் படம், சீரியல் எண், வெளியே நடத்திய சோதனையின் முடிவு ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். ‘விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுப் பாருங்கள்’ என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், விண்டோஸே இல்லாமல் நடந்த சோதனையில் தோற்றது என்பதைக் காட்டுங்கள். கோப்புகளின் பேக்கப் முடிந்ததா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். 48 இலக்கச் சாவியை எழுதி உங்களிடமே வைத்திருங்கள். பலகை மாற்றப்பட்டால் லேப்டாப் திரும்பி வந்த முதல் நாளே அதைக் கேட்கக்கூடும்.